ஒரு க்ளிக் என்ன விலை

இணையத்தில் கடை போடுகிறவர்கள் சரக்கில் தோற்பதில்லை, மேடம்; விளம்பரத்தில்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கணக்குப் பார்க்கச் சோம்பல், வேறொன்றும் இல்லை. நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். ஆனால் இந்தக் கணக்கைச் சொன்னால்தான் அது புரியும்.

நான் விற்றது பச்சிலைப் பொடி. ஒரு டப்பா விற்றால், விளம்பரம் தவிர மற்றச் செலவெல்லாம் போக நூறு ரூபாய் மிஞ்சும். என் விளம்பரத்தைத் தொடுகிற இருபது பேரில் ஒருவர் வாங்குவார். மீதிப் பேர் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், ஆனால் தொட்டதற்கெல்லாம் நான் காசு கட்டியாக வேண்டும். ஆக, ஒரு க்ளிக்குக்கு ஐந்துக்கு மேல் கொடுத்தால் நட்டம். 'உடம்பில் தெம்பு வர' என்று தேடுகிறவர்களைப் பிடிக்கப் பெரிய கம்பெனிகள் முப்பது வரை கொடுக்கின்றன. அவர்களோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டிப் பார்த்தேன். என் பைக் போனதுதான் மிச்சம்.

எனக்கு வழி கிடைத்தது மாமாவால். மாமா என்றால் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எனக்கு சைக்கிள் பழக்கிவிட்டு, விழுந்தபோதெல்லாம் முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் வாரம் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். அக்கா வேலைக்குப் போய்விடுவதால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன்.

"என் ரத்தத்தை வாஷிங் மெஷின்ல போட்டு எடுக்குறாங்கடா. காயப்போட மட்டும் கொடி இல்ல" என்பார். நர்ஸுகளுக்கு அவரென்றால் உயிர்.

காத்திருக்கும் கூடத்தில் ஒருநாள் பக்கத்து நாற்காலிக்காரர் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். 'டயாலிசிஸ் இல்லாமல் கிட்னி சரியாகுமா?' நிமிர்ந்து பார்த்தால், கூடத்தில் பாதிப் பேர் போனில்தான் இருந்தார்கள். அந்தக் கேள்வியைத் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் காட்ட என்ன விலை என்று அங்கேயே என் போனில் பார்த்தேன். ஒரு க்ளிக் ஒன்றரை. எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏன் அவ்வளவு மலிவு என்று யோசித்தால் உங்களுக்கே விளங்கும். அந்தக் கேள்விக்கு டாக்டர்களின் பதில் 'ஆகாது' என்பதுதான். ஆகாது என்று சொல்வதற்கு யார் காசு கொடுத்து விளம்பரம் போடுவார்கள்?

நான் போட்டேன். 'ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம்' என்று ஒரே வரி. டப்பா மாறவில்லை, லேபிள் மட்டும் புதிது. பொடியில் விஷம் எதுவும் கிடையாது. நீங்களே சோதித்துப் பார்த்திருப்பீர்கள். அதைச் சாப்பிட்டு யாரும் சாக முடியாது. அதை நம்பி டயாலிசிஸை நிறுத்துவது அவரவர் முடிவு.

அக்கா போன் செய்தது அதற்கப்புறம். நான் ஆன்லைனில் பை விற்கிறேன் என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், நெட்ல ஒரு பொடி பார்த்தேன். மெஷினே வேண்டாமாம். மாமா படுற பாட்டைப் பார்க்க முடியலடா. நீதான் ஆன்லைன்ல பழம் தின்னு கொட்டை போட்டவனாச்சே, இதெல்லாம் நம்பலாமா?"

அந்த நேரத்தில் நான் என்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று ஆரம்பித்தால் அக்கா விடமாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "வாங்கிப் பாரேன் அக்கா, பொடிதானே" என்றேன்.

சாயங்காலமே ஆர்டர் வந்தது. அவள் பெயர், அவள் முகவரி. நானே ஒட்டி அனுப்பினேன். கூரியர் செலவை நானே ஏற்றுக்கொண்டேன்; இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமா ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டார். எனக்கும் காலை நேரம் மிச்சமானது, விளம்பரத்தை இன்னும் கொஞ்சம் செதுக்கினேன். அடுத்த வாரம் கடை நம்பருக்கு அக்காவின் அழைப்பு. எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அடித்து ஓயட்டும் என்று விட்டேன். பிறகு மெசேஜ் வந்தது. "சார், கால் ரெண்டும் வீங்கிடுச்சு. மூச்சு வாங்குது. படுக்கவே முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகட்டுமா? தயவுசெஞ்சு சொல்லுங்க சார்." என் அக்கா என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

இப்படிக் கேட்கிறவர்களுக்கென்று ஒரு பதில் வைத்திருந்தேன். 'கழிவு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும். பயப்படாமல் தொடருங்கள்.' அதையே அனுப்பினேன். போகச் சொல்லியிருந்தால் டப்பா திரும்பி வரும், பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். ஆமாம் மேடம், மாமாவுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அத்தனை நாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்கா என்பதால் அவளிடம் வேறுமாதிரி நடந்துகொண்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் போன பதில்தான் அவளுக்கும் போனது.

மாமாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் தோள் கொடுத்தது நான்தான். அக்கா இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறாள். பொடிக்காரன் பிடிபட்டுவிட்டான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நான் அவளுக்குத் துணையாக வந்திருப்பதாக நினைக்கிறாள். தம்பி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, உள்ளே ஏதாவது கொடுத்தனுப்பலாமா என்று உங்கள் கான்ஸ்டபிளிடம் கேட்டாளாம். அவள் மனசு அப்படி.

எனக்கு ஒரு சின்ன உதவி மட்டும் வேண்டும், மேடம். நீங்கள் எடுத்துவந்த லேப்டாப்பை ஒரு நிமிடம் கொடுங்கள். விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் தொட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். பொட்டலம் கட்ட அங்கே ஆள் இல்லாதபோது, க்ளிக்குக்கு ஒன்றரை வீதம் வீணாகப் போகிறதே.