எலும்பின் மேல் ஒரு தட்டு

— இன்னொரு தடவை சொல்லு ட்ரூல்ஸ், மெதுவா. அந்தத் தலைவலி மருந்து வேலை செய்யலைங்கறியா?

— அப்படிச் சொல்லலை குட்ருன். வேலை செஞ்ச மாதிரி நமக்குத் தெரிஞ்சுதே, அது நான் பண்ணின கோளாறுங்கறேன்.

— ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?

— அதாவது... பெருசா ஒண்ணும் இல்ல.

— முதல்ல உட்காரு. மூஞ்சி வெளிறிப் போய்க் கிடக்கு. காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியா?

— இறங்கலை.

— சரி, மேல சொல்லு.

— காலையில எலியை மேசையில போட்டு மயக்கம் குடுத்தேன். ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கற லேசர் சூடாகட்டும்னு போட்டு வச்சேன். மண்டை ஓட்டைத் துளைச்சு முடிக்கிற வரைக்கும் கேமராவுக்கு மூடி போட்டுத்தானே வைப்போம்?

— ஆமா. ஆபரேஷன் விளக்கு வெளிச்சத்துல அதுக்குக் கண்ணே தெரியாது.

— அந்தப் பெரிய விளக்கு இன்னைக்கு எரியலை. பல்பு போயிடுச்சு. சின்ன விளக்கை ஓரமா வச்சுக்கிட்டே துளைச்சேன். மூடி போட மறந்துட்டேன். முடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா, கேமரா அது பாட்டுக்குப் படம் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

— பிடிக்கட்டுமே. எலிக்கு மண்டை ஓடு காகிதம் கனம்தான். ரத்தம் ஓடறது வெளியிலேர்ந்தே தெரியும். என்ன தெரிஞ்சுது?

— அலை.

— அலையா! தலைவலியைக் கொண்டு வர்ற அந்த மூளை அலையை நாம இன்னும் கிளப்பவே இல்லையே?

— அதான் சொல்றேன். துளை வழியா உப்புச் சொட்டு வச்சு நாம அலையைக் கிளப்பறது அப்புறம்தானே? அதுக்கு எவ்வளவோ முன்னாடியே, என் துளைப்பான் இருந்த இடத்துலேர்ந்து ஒண்ணு கிளம்பிப் பின்பக்கமா ஊர்ந்து போச்சு. போன வழியெல்லாம் ரத்த ஓட்டம் படுத்துடுச்சு. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல.

— ஐயையோ. அதுக்கு மேல நாம கிளப்பற அலை படத்துல எப்படித் தெரியும்?

— தெரியவே தெரியாது. "பாரு, அலையே வரலை, மருந்து தடுத்துடுச்சு"ன்னு போன மாசம் கை தட்டினோம்ல? அத்தனை எலிக்கும் இதுதான் நடந்திருக்கு.

— இரு, இரு. மருந்து போடாத எலிக்கும் நீதானே துளைச்சே? எது மருந்து எலின்னு உனக்குத் தெரியவே தெரியாதே, ஊசியில நம்பர்தானே இருந்துது.

— தெரியாதுதான். ஆனா சில எலி பாதியில மீசையை ஆட்டும், மயக்கம் தெளியற மாதிரி. ஐயோ பாவம், முழிச்சுக்கப் போகுதேன்னு பதறிப் போய் வேகவேகமா முடிப்பேன். மத்ததுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்தி, குளிர்ந்த தண்ணி விட்டு, பூ மாதிரி துளைப்பேன்.

— மயக்க வாயுவைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாமே?

— கூட்டவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கூட்டினா அலையே கிளம்பாதுன்னு.

— ஆமா. நான்தான் சொன்னேன்.

— எந்த நம்பர் மருந்துன்னு திறந்து பார்த்ததுமே யோசிச்சிருக்கணும் நான். மீசை ஆட்டினது எதெதுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அத்தனையும் மருந்து எலி. தலைவலிக்கு அது என்ன செய்யுதோ, மயக்கத்தை மட்டும் சீக்கிரம் தெளிய வச்சுடுது.

— இந்தப் படத்தை வேற யார் பார்த்தா?

— யாரும் பார்க்கலை.

— சீ, இதை ஏன் கேட்டேன் நான்? கேட்டதாவே வச்சுக்காதே.

— நானும் காலையிலேர்ந்து அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன் குட்ருன். அழிச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு.

— அழிச்சியா?

— அழிச்சிருந்தா இங்கே வந்து உங்க முன்னாடி நிப்பேனா?

— நல்லவேளை. தப்பு பண்ணினே, மறைக்கலை. அது போதும். இப்ப லிஸ்பெத் வருவா, அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.

— எந்த லிஸ்பெத்?

— வில்லாஸோட அம்மா. வசந்தத்துல மருந்தை மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்க்கப் போறோமே, அதுல முதல் பேரு அந்தப் பையனுதுதான். அதைப் பத்திப் பேசத்தான் வர்றா.

— இன்னைக்கேவா சொல்லணும்? திங்கக்கிழமை சொன்னா, சனி ஞாயிறாவது நிம்மதியா இருப்பாங்க.

— பொய்யான நிம்மதியா? அவ முகத்தைப் பார்த்து, அவ கொண்டு வர்ற பன்னைத் தின்னுட்டு, காப்பியைக் குடிச்சுட்டு அனுப்பச் சொல்றியா? என்னால முடியாது சாமி.

— வரலாமா? கதவு திறந்துதான் கிடக்கு. மழை பின்னி எடுக்குது, சைக்கிள் மிதிச்சு உள்பாவாடை வரைக்கும் நனைஞ்சாச்சு. என்ன குட்ருன், என் மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாம் சௌக்கியமா?

— வா லிஸ்பெத். இது ட்ரூல்ஸ், எலிக்கு ஆபரேஷன் பண்றவன். முழிக்காதே ட்ரூல்ஸ், அவ எலிகளைத்தான் சொல்றா. அவ புருஷன் வீட்டு ரத்தத்துல இருக்கற கோளாறைத்தானே அதுங்களுக்கு வச்சிருக்கோம்.

— நிஜ மாமியாருக்கு எலி எவ்வளவோ மேல். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துக்கிட்டுக் குறை சொல்லாது. இந்தா, லவங்கப்பட்டை பன். வெள்ளிக்கிழமை ஆச்சே, வெறுங்கையோட வரலாமா? எடுத்துக்கோ ட்ரூல்ஸ்... ஏன், ரெண்டு பேரும் சாவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்கீங்க?

— உட்காரு லிஸ்பெத்.

— நின்னுக்கிட்டே கேக்கறேன். காலையிலேர்ந்து பஸ் ஓட்டிக்கிட்டு உட்கார்ந்தேதான் இருந்தேன். சொல்லு.

— வசந்தத்துல மருந்து கிடையாது. மருந்து அலையைத் தடுக்குதுன்னு நினைச்சோம். தடுக்கலை. எங்க வேலையிலதான் பிசகு.

— தள்ளிப் போட்டிருக்கீங்களா, இல்ல இல்லவே இல்லையா?

— இல்லவே இல்ல.

— ஓ.

— தப்பு என்னோடது. நான்தான் அவசரத்துல...

— நீ சும்மா இரு தம்பி, உன் மேல எனக்கென்ன கோபம். கோபப்படணும்னாகூடத் தெம்பு வேணும்... வசந்தம் வரட்டும்டா, வசந்தம் வரட்டும்டான்னு சொல்லிச் சொல்லித்தானே அவனை இழுத்துக்கிட்டு வந்தேன். போன வாரம் தலைவலி வந்தப்போ என்ன ஆச்சு தெரியுமா? வலது கை துணி மாதிரி தொங்கிடுச்சு. வாய் கோணிடுச்சு. அம்மான்னு கூப்பிடணும், வார்த்தை வரலை அவனுக்கு. கண்ணால கூப்பிடறான். பதினாறு வயசுப் பையன், தோளுக்கு மேல வளர்ந்தவன், என் மடியில கிடந்து கண்ணால கூப்பிடறான்.

— தெரியும் லிஸ்பெத்.

— உனக்குத் தெரியும் குட்ருன், தெரியாதுன்னு சொல்லலை. நான் எதைத்தான் விட்டு வச்சேன்? சாக்லேட்டை நிறுத்தினேன். சீஸை நிறுத்தினேன். டென்மார்க்ல பிறந்த பிள்ளைக்குச் சீஸை நிறுத்தினவ நானாத்தான் இருப்பேன். போனைப் பிடுங்கி வச்சேன், சினிமா வேண்டாம்னேன், பிறந்தநாள் பார்ட்டிக்குப் போகாதேன்னேன், ராத்திரி கண் முழிக்கக் கூடாதுன்னேன். ஒண்ணுக்கும் மசியலை.

— தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம். அந்தப் படத்தை எனக்குக் காட்டேன், ட்ரூல்ஸ். அவன் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் பார்த்ததே இல்ல. அந்தப் பாவியை ஒரு தடவை கண்ணால பார்த்துடறேன்.

— இதோ. இந்தப் பக்கம் வாங்க. வெளிச்சமா இருக்கறது ரத்தம் நல்லா ஓடற இடம். இருட்டிக்கிட்டு வருது பாருங்க, அதுதான்.

— இவ்வளவு மெதுவாவா?

— மெதுவாத்தான்.

— அவனும் இதையேதான் சொல்வான். முதல்ல விரல், அப்புறம் முழங்கை, அப்புறம் உதடு, ஏதோ படியேறி வர்ற மாதிரி இருக்கும்மான்னு. சும்மா பயத்துல சொல்றான்னு நினைச்சேன்... அந்த எலிக்கு வலிக்குதா?

— மயக்கத்துல இருக்கு. ஒண்ணும் தெரியாது.

— குடுத்து வச்சது. சரி, மண்டையில துளை போட்டா யாருக்குத்தான் வராது? எனக்கும்தான் வரும்.

— வராது. சாதாரண எலிக்கும் இன்னைக்கு மத்தியானம் இதே வேகத்துல துளைச்சுப் பார்த்தேன். அசையலை. இந்தக் கோளாறு இருக்கற எலிக்கு மட்டும்தான்.

— நிறுத்து ட்ரூல்ஸ். பின்னால ஓட்டு.

— என்ன குட்ருன்?

— ஓட்டுப்பா. அலை கிளம்பற இடத்துக்குப் போ. இன்னும் கொஞ்சம். அங்கேதான். உன் துளைப்பான் சுத்துதா?

— சுத்தும்... இல்ல. இருங்க. இல்ல, இன்னும் சுத்தலை.

— அப்ப என்னதான் பண்ணினே?

— ஒண்ணும் பண்ணலை. பதட்டத்துல முனை எலும்பு மேல டொக்குனு பட்டுச்சு. அவ்வளவுதான்.

— துளைக்கவே இல்ல?

— சத்தியமா இல்ல. ஒரு தட்டு. அலை கிளம்பிடுச்சு, நான் அதுக்கப்புறம்தான் துளைக்கவே ஆரம்பிச்சிருக்கேன்.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க ரெண்டு பேரும்.

— இந்தக் கோளாறுலயே வேற ஒரு வகை இருக்கு லிஸ்பெத். தலையில லேசாப் பட்டாலே வந்துடும். உங்க குடும்பத்துது அந்த வகை இல்லைன்னுதான் நான் உள்பட எல்லாரும் நினைச்சோம். ஒரு எலியை வச்சு எதையும் அடிச்சுச் சொல்லிட முடியாது, மனுஷன் மண்டை வேற. ஆனாலும் கேக்கறேன், அவனுக்குத் தலையில அடி கிடி பட்டிருக்கா?

— இதை எல்லா டாக்டரும் கேட்டாச்சு. விழுந்தானா, அடிபட்டானா, மயங்கினானான்னு. ஒரு நாளும் விழுந்ததில்லை. சைக்கிள்ல போனா தலைக்கவசம் இல்லாம விடவே மாட்டேன்.

— எந்தெந்தக் கிழமையில வருது?

— ஒரு கணக்கும் இல்ல. பாதிக்குப் பாதி வெள்ளிக்கிழமை ராத்திரி. வாரமெல்லாம் பள்ளிக்கூடம் போன அசதின்னு என் புருஷன் பல்லே சொல்வார். நானும் வெள்ளிக்கிழமை அவனைச் சீக்கிரம் படுக்கப் போடுவேன்.

— வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன செய்யறான்?

— என்ன செய்வான், பந்துதான். கால்பந்து. இதோ, இந்த மழையிலயும் இப்ப மைதானத்துலதான் இருப்பான்.

— எந்த இடத்துல ஆடறான்?

— நடுத் தடுப்பு, கோலுக்கு முன்னாடி நிக்கற ஆள். நல்ல உசரம் ஆச்சே, உயரமா வர்ற பந்தெல்லாம் அவன் தலைக்குத்தான். எகிறி எகிறி முட்டுவான் பாரு, பார்க்கவே... குட்ருன்.

— லிஸ்பெத், இரு. நிச்சயமா தெரியாது. இன்னும் நிறைய பார்க்கணும்.

— அடிபட்டானான்னுதானே கேட்டாங்க. பந்து முட்டறதைப் போய் அடின்னு யாரு சொல்லுவா?

— யாரும் சொல்ல மாட்டாங்க. நானே கேட்டிருக்க மாட்டேன். இப்ப அவனுக்கு ஒரு போன் போடு. இன்னைக்கு மட்டும் தலையால ஆட வேண்டாம்னு சொன்னா போதும், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்.

— இந்தாங்க உங்க போன், பைக்குள்ளேர்ந்து விழுந்துடுச்சு.

— போடு லிஸ்பெத்.

— போட்டு என்னன்னு சொல்லுவேன்? எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டு, அழாதே வில்லாஸ், இது ஒண்ணை மட்டும் உன்கிட்டேர்ந்து யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நான்தானே அவனைப் பந்து விளையாட அனுப்பினேன்.