நாலாம் கேட்டின் பச்சை விளக்கு

எனக்குக் கால்பந்து பார்க்கும் பழக்கம் இல்லை. பத்தொன்பது வருடம் ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். நேற்று உங்களோடு வந்த இளைய அதிகாரிகூடச் சிரித்தார். என் வேலை அப்படி, ஐயா. கிழக்கு மாடத்தின் இருக்கைகளுக்கு நடுவே இறங்கும் படிக்கட்டு போகப் போகக் குறுகி, கடைசிப் பத்துப் படி பள்ளத்துக்குள் போய் ஒரு கம்பிக் கதவில் முடியும். அதுதான் நாலாம் கேட். கதவுக்கு வெளிப்பக்கம் நான் நிற்பேன். மைதானம் என் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம். எனக்கு முன்னால் மேலே மேலே அடுக்கி வைத்த மாதிரி ஜனங்களின் முகம்தான். கோல் விழுந்ததா, யாருக்கு விழுந்தது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒரு ஆட்டத்தை முழுதாக நான் கண்ணால் பார்த்ததில்லை.

நானே எழுதித் தருகிறேன் என்றதும் கோடு போட்ட காகிதம் கொடுத்தீர்கள், நன்றி. கூடியவரை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன். ஸ்டேடியம் எலக்ட்ரீஷியனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. அவர் பாவம். அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அவர் மாட்டிய பல்பில் ஒரு குறையும் கிடையாது. செய்யாத தப்புக்கு ஒருவர் உள்ளே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஆட்டம் தொடங்கியதும் கதவைப் பூட்ட வேண்டும். டிக்கெட் இல்லாதவன் நுழையாமல் இருக்க வந்த பழைய ஏற்பாடு அது. கதவுக்கு மேல், என் பக்கம், ஒரு பச்சை விளக்கு உண்டு. எழுபத்தைந்தாவது நிமிடம் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் சுவிட்சைப் போடுவார். பச்சை எரிந்தால் திறக்க வேண்டும். எரியாவிட்டால் அப்பனே வந்து கேட்டாலும் திறக்கக் கூடாது. இந்த வார்த்தை என்னுடையது இல்லை, என்னை வேலைக்குச் சேர்த்த சூப்பிரண்டு சொன்னது. கிழக்கு மாடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து வெளியே போக அது ஒன்றுதான் வழி.

என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆபீஸில் நான் ‘நாலாம் நம்பர்’. வீட்டில் மனைவிக்கு ‘என்னங்க’. மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், எனக்குப் ‘பூட்டு’ என்று பட்டம் வைத்தார். அது தெரு முழுக்கப் பரவி, காய்கறிக்காரர்கூட ‘பூட்டு சார், இன்னிக்கு என்ன வேணும்’ என்று கேட்கிற அளவுக்குப் போயிற்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது.

டீமை நடத்துகிற மேனேஜர் மட்டும் அப்படி இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால், கிளப்பில் சேர்ந்த முதல் நாள், அவர் ஸ்டேடியம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். கூட இருபது பேர், கேமராக்காரர்கள் வேறு. நாலாம் கேட் வந்ததும் நின்று, கம்பிக்கு நடுவே கையை நீட்டி, ‘உங்க பேரு என்ன?’ என்று கேட்டார். சொன்னேன். அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னார். ‘நல்ல பேரு. பாத்துக்கங்க’ என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை, அவருக்கு ஆயிரம் வேலை. ஆனால் எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

இந்த வருடம் பதினொரு ஆட்டத்தில் நம் டீம் ஒன்றுதான் ஜெயித்தது. ஊரே இரண்டாகிப் போனது. மேனேஜர் ‘இருக்கணும்’ என்று ஒரு கட்சி, ‘போகணும்’ என்று ஒரு கட்சி. சலூனில் எதிர்க் கட்சிக்காரனுக்குப் பாதி சவரத்தோடு வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று பேச்சு. பக்கத்து வீட்டு அப்பனும் மகனும் மாடத்தில் தனித்தனியாக உட்கார ஆரம்பித்தார்கள். மச்சான் ‘போகணும்’ கட்சிக்குத் தலைவர் மாதிரி. அச்சகம் வைத்திருக்கிறவர், நாலு பேர் மத்தியில் பேசத் தெரிந்தவர். என்னை எந்தக் கட்சியும் சேர்க்கவில்லை.

கிளப் தலைவர் டிவியில் வந்து ஒரு வார்த்தை சொன்னார். ‘கூச்சலை நான் கணக்குல எடுக்க மாட்டேன். சனிக்கிழமை கிழக்கு மாடத்தைப் பாப்பேன். மேனேஜர் வேணாம்னு ஜனங்க எந்திரிச்சுப் போனா, அவரும் போகட்டும். மாடம் நிறைஞ்சு இருந்தா அவரும் இருக்கட்டும்.’ அவ்வளவுதான். ஒரு மனிதரின் வேலை என் கேட்டுக்கு வந்து நின்றுவிட்டது. இதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மச்சான் துண்டுப் பிரசுரக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். ‘அறுபதாவது நிமிடம், எல்லோரும் எழுந்து வெளியேறுவோம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார். மடித்துத் தர ஆள் வேண்டும் என்றார். சாப்பாட்டு மேஜையில் பரப்பி மூன்று பேருமாக மடித்தோம். ஓரம் பிசகாமல் நான் மடித்ததைப் பார்த்து அவரே மெச்சினார்.

‘பூட்டு, நீ எந்தக் கட்சி? கேக்கவே மறந்துட்டேன்’ என்றார்.

‘எனக்கு ஒரு கட்சியும் இல்ல மச்சான்.’

‘அதுவும் சரிதான். ஆட்டத்தையே பாக்காதவனுக்குக் கட்சி எதுக்கு? அறுபதாவது நிமிஷம் நாங்க வருவோம். கதவத் தொறந்து விட்டுட்டு ஓரமா நில்லு. அது போதும்.’

மனைவி, ‘ஏண்ணே அவர இப்படிப் படுத்துற’ என்றாள். ஆனால் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குப் பிடிக்கும். அதனால் நானும் சிரித்தேன்.

‘பச்சை எரியாம எப்படித் தொறக்குறது?’ என்று கேட்டேன்.

‘அதெல்லாம் ஆபீஸ்ல பேசி முடிச்சாச்சு. கூட்டம் முட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு அம்பத்தெட்டாவது நிமிஷமே எரிய விடறதா சொல்லிட்டாங்க. நீ ஒண்ணும் யோசிக்காத. யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்’ என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் விளையாட்டுப் பேச்சுக்காரர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவர். என் மூத்த மகளின் படிப்புக்கு அவர் எவ்வளவு செய்தார் என்பதை நான் மறக்கிறவன் இல்லை. இதை நீங்கள் அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாளைக்குக் கோர்ட்டில் வக்கீல் யாராவது இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் டியூட்டிக்குப் போனேன். எலக்ட்ரீஷியன் எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டு, சாப்பிடப் போனார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, பச்சைக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருந்த பல்பை எடுத்தேன். என் வீட்டுக் குளியலறையில் பியூஸ் போன பல்பு ஒன்று கிடந்தது, அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதை மாட்டிவிட்டு, கண்ணாடியையும் துடைத்துப் பழையபடி வைத்தேன். நல்ல பல்பு என் சாப்பாட்டுப் பையின் அடியில், செய்தித்தாளுக்குள் இருக்கிறது. பை என் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்குகிறது. மாட்டிப் பாருங்கள், எரியும். எலக்ட்ரீஷியனை வெளியே அனுப்ப இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

என் எண்ணம் மிகவும் எளிமையானது. பச்சை எரியாது, கதவு திறக்காது, வந்தவர்கள் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு மேலே போய் உட்கார்ந்துவிடுவார்கள். தலைவர் பார்க்கும்போது மாடம் நிறைந்திருக்கும். யாருக்கும் ஒரு கீறல் விழாது. இதைவிடச் சாதுவான யோசனை ஒருவனுக்கு வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை நான் யோசிக்காமல் விட்டேன், இதை ஒப்புக்கொள்கிறேன். கதவு திறந்திருக்கும் என்று ஆபீஸே வாக்குக் கொடுத்திருந்ததால், அவர்கள் நின்று பார்த்து இறங்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு, தோளில் கை போட்டுக்கொண்டு, கூட்டமாக இறங்கினார்கள். முன்னால் வந்தவர்கள் கதவைப் பார்த்து நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்குப் பள்ளத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர்கள் பாட்டை நிறுத்தவில்லை.

கதவைத் திறந்திருக்கலாமே என்று நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். திறந்திருக்கலாம். ஆனால் அறுபத்து இரண்டாவது நிமிடம்தான் அப்போது. மேலே அண்ணாந்து பார்த்தேன், இருக்கைகளில் பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், மீதிப் பேர் படிகளில் நின்றார்கள். காலி இடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. திறந்தால் ஐந்து நிமிடத்தில் மாடம் துடைத்து வைத்த மாதிரி ஆகியிருக்கும். பச்சையும் எரியவில்லை. எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம்.

முதலில் நிறையச் சத்தம் இருந்தது. அப்புறம் முன் வரிசையில் சத்தம் குறைந்தது. நெஞ்சு அழுந்தினால் குரல் வராது என்று டாக்டர் சொன்னதாக உங்கள் அறிக்கையில் பார்த்தேன், அது உண்மைதான். கம்பிக்கு வெளியே கைகள் நீட்டிக்கொண்டு இருந்தன. நான் ஒரு அடி தள்ளி நின்றேன், என் சட்டையைப் பிடிக்காதபடி. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆள் ஓடிவந்து, என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கித் திறந்தார். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பத்திரிகையில் பதினைந்து என்று போட்டிருக்கிறார்கள், அது தவறு. இறந்தவர்கள் அங்கேயே ஆறு பேர், மருத்துவமனையில் ஒருவர். மச்சான் அந்த ஆறு பேரில் ஒருவர்.

மேனேஜர் அன்று சாயங்காலமே ராஜினாமா செய்துவிட்டார். அதில் எனக்கு மனது விட்டுப்போனது, மறைக்கவில்லை. ஆனால் அவர் போனது மாடம் காலியானதால் இல்லை, அதை யாராலும் மறுக்க முடியாது. நாலாம் கேட்டில் யார் நின்றார் என்றே தனக்குத் தெரியாது என்று அவர் உங்களிடம் சொன்னதாகக் கேள்வி. வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார். அவர் நிலைமையில் அப்படித்தான் சொல்ல வேண்டும். என் பேரை அவர் மறந்திருக்க மாட்டார்.

கடைசியாக ஒன்று. முதல் நாள் வாக்குமூலத்தில், கூட்டத்தில் மச்சானை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருந்தேன். மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ‘அண்ணன் ஏதாவது சொன்னாரா, கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். ஆனால் பத்தொன்பது வருடம் முகம் மட்டுமே பார்த்தவன் நான், அதை எழுதாமல் விட்டால் இந்தக் காகிதத்துக்கு மரியாதை இல்லை.

அவர் கதவோடு ஒட்டி நின்றார். எனக்கும் அவருக்கும் ஒரு முழம்தான். முதலில் ‘பூட்டு, தொறடா’ என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம் சிரிப்பு போய், ‘மாப்ளே, மூச்சு முட்டுது மாப்ளே’ என்றார். அப்புறம் என் பேரைச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வாயில் வராத பேர். என் கல்யாணப் பத்திரிகையை அச்சடித்தவர் அவர்தான், அதனால் அப்பா பேரோடு சேர்த்து முழுதாகச் சொன்னார். சாவி என் கையில் தயாராக இருந்தது, ஒரு திருப்பு திருப்பினால் போதும். இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.