அக்கா எழுதாத செர்ரி

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பத்திரிகை முதலாளி அவர்களே, அக்கா இருபத்திரண்டு ஆண்டுகள் ஒயின் கிடங்கைக் கட்டி ஆண்ட ஹோட்டலின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் தாயை இழந்து அமர்ந்திருக்கும் மகளே, ஞாயிறுதோறும் அக்காவின் பத்தியைப் படித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் புரட்டிய பெருமக்களே, வணக்கம்.

கிடங்கின் தலைவி, எங்கள் ஒயின் பத்தியாளர், 'அரை கிளாஸ் அக்கா'வைத் தெரியாதவர் இந்த மண்டபத்தில் உண்டா? எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் அரை கிளாஸ்தான். அதற்கு மேல் போனால் நாக்கு பொய் சொல்லும் என்பார்.

ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இல்லை! கருப்பு அத்தி, தேவதாரு, வயலட் பூ என்று அடுக்குவார்கள். அதில் பாதியை அவர்கள் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். அக்கா அப்படி எழுதியதுண்டா? பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போவார். சாப்பாட்டு மேஜையில், பஸ் மெக்கானிக்கான கணவருக்கும் கொஞ்சம் ஊற்றுவார். நனைந்த குடையை மடித்து வைத்த வாசனை என்று அவர் சொன்னால், அதை அப்படியே எழுதி, "இது என் வீட்டுக்காரர் மூக்கு" என்று கீழே போடுவார். தான் அறியாத வாசனையைத் தன்னுடையது என்று அக்கா ஒரு நாளும் எழுதியதில்லை.

நான் எழுதினேன். அவர் பெயரில் எழுதினேன்!

அந்தப் பத்தியைத் திருத்துவது பதினோரு ஆண்டுகளாக என் வேலை. நான் சேர்ந்த புதிதில் ஒரு பிரதி வந்தது. "இரண்டாவது மிடறில் ஒரு பழம் வருகிறது. என்ன பழம் என்று தெரியவில்லை." எனக்குப் பொறுக்கவில்லை. நிபுணரே தெரியவில்லை என்று எழுதலாமா? வாசகர்கள் சிரிக்க மாட்டார்களா? பெரிய மேதாவி மாதிரி அந்த வரியை அடித்துவிட்டு 'செர்ரி' என்று போட்டேன்.

திங்கட்கிழமை காலை, அதே ஒயினோடு மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். என் மேஜையில் கிடந்த தாள்களை ஒதுக்கி, அரை கிளாஸ் ஊற்றினார்.

"குடி. செர்ரி எங்க இருக்குன்னு காட்டு."

குடித்தேன். தேடினேன். "தெரியலக்கா" என்றேன்.

"அதத்தானே நானும் எழுதியிருந்தேன்?"

அடுத்த வாரம் அவரே ஒரு திருத்தம் எழுதித் தந்தார்: "செர்ரி, பத்தியைத் திருத்தியவருடையது. எனக்கு இன்னும் தெரியவில்லை." அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயரே செர்ரி. இதோ, பின்வரிசையில் சிரிக்கிறார்களே, அவர்கள் வைத்த பெயர்தான்.

சென்ற ஆண்டு ஒரு காய்ச்சலில் அக்காவின் மூக்கு போயிற்று. ரோஜாவும் தெரியவில்லை, மண்ணெண்ணெயும் தெரியவில்லை. பழைய குறிப்புகளை வைத்து ஒப்பேற்றுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் உட்பட எல்லோரும் சொன்னோம். கேட்டாரா? மூக்கு திரும்பும்வரை எழுத மாட்டேன் என்று இரண்டே வரி கொடுத்துவிட்டு, தன் பத்தியைத் தானே நிறுத்தினார். ஒன்பது மாதம்! எழுதாமல் இருக்கத் தெரியாத மனுஷி, எப்படித் தவித்திருப்பார்!

நேற்று முன்தினம் மகள் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். அக்கா கண்மூடுவதற்கு முந்தின நாள் மதியம் எழுதியது. படிக்கிறேன், கேளுங்கள்.

"மகள் அரை கிளாஸ் ஊற்றினாள். முகர்ந்தேன். ஏதோ வருகிறது. என்னவென்று தெரியவில்லை. அழுதுவிட்டேன்."

அவ்வளவுதான். இன்று காலை முதலாளி என்னை அழைத்து, கடைசிப் பத்தி ஆயிற்றே, ஒரு பழத்தின் பெயரைச் சேர்த்து அழகாக முடித்துவிடு என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் முன்னாலேயே பதில் சொல்கிறேன். முடியாது ஐயா! என் வேலையே போனாலும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து வாக்கியமும் அப்படியே வரும். இனி அந்த இடத்தில் யார் எழுத வந்தாலும், தன் மூக்குக்கும் நாக்குக்கும் எட்டியதை மட்டுமே எழுதுவார். எட்டாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவார். அதை அடிக்காமல் அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. இந்தச் சபை அதற்குச் சாட்சி.

அக்கா, அது என்னவென்று எனக்கும் தெரியல. செர்ரி போட மாட்டேன்.