கோடு கறுப்பு

காலை ஆறே முக்காலுக்கு நான் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்குவேன். கசங்கின சட்டையோடு வேலையில் நிற்பது எனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் என் பிரிவின் மூலையில் ஒரு மேசை, அதன் மேல் மடித்த போர்வை, பக்கத்தில் ஈரத்துணி. இருபத்திரண்டு வருடங்களில் யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை.

விசாரணையில் நீங்கள் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து, ஆட்டோகிளேவில் ஆவியில் வைத்துக் கிருமி நீக்குவது என் பிரிவின் வேலை. பொதியின் மேல் ஒரு நாடா ஒட்டுவோம். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். உரிய சூட்டில் ஆவி பட்டால் கறுக்கும். கோடு கறுக்காத பொதி ஆபரேஷன் தியேட்டருக்குள் போகக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். அதற்கு முன் நாடாவைப் பார்க்காமலே பிரிப்பார்கள். பிறகு, தியேட்டர் நர்ஸ் பார்த்து "கோடு கறுப்பு" என்று உரக்கச் சொன்னால்தான் டாக்டர் கத்தியைத் தொடுவார். அந்த வருடம் புண்ணில் சீழ் வைப்பது பாதியாகக் குறைந்தது. தாழ்வாரத்தில் என் படத்தை மாட்டினார்கள்.

"கோட்டப் பாக்காம எனக்கு இப்பல்லாம் வீட்டுல குக்கரத் திறக்கக்கூட கை வரமாட்டேங்குதுண்ணே" என்பாள் அந்த நர்ஸ்.

பின்னர் என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வந்தது. இந்த மாதம் ரத்தான அறுவை சிகிச்சைகள்: பூஜ்யம்.

மழை தொடங்கிய வாரத்தில் ஆட்டோகிளேவின் கதவு ரப்பர் தேய்ந்து ஆவி கசிந்தது. நூற்று முப்பத்துநான்கு டிகிரிக்கு ஏற வேண்டிய முள் நூற்றுப்பத்தில் நின்றது. கோடுகள் தவிட்டு நிறத்துக்கு மேல் வரவில்லை. நிர்வாகியிடம் போனேன்.

"ரப்பர் வர அஞ்சு வாரம் ஆகும்" என்றார். "அதுவரைக்கும் டாக்டருங்க நகம் வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? ஏதாவது பண்ணுங்க. உங்களால முடியாததா?"

ஏதாவது பண்ணினேன். நாடாவின் மேல் ஈரத்துணியை விரித்து, இஸ்திரிப்பெட்டியை ஒரு நிமிடம் அழுத்தினால் போதும். கோடுகள் கறுத்துவிடும். என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாளுக்குப் பதினான்கு பொதிகள், ஐந்து வாரங்கள். வலியோடு வந்த ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளை என் கையாலேயே தேய்த்துக் கழுவினேன். நூறு டிகிரியில் முட்டை வெந்துவிடுகிறது. நூற்றுப்பத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமியா பிழைத்துவிடும் என்று நம்பினேன். தெரிந்து செய்தவன் வேறு, நம்பிச் செய்தவன் வேறு.

பதினொரு பேருக்குப் புண் அழுகியது. டாக்டர்கள் சர்க்கரை என்றார்கள், வயது என்றார்கள். பதினொரு பேரையும் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அது என் வேலை இல்லை. முழங்காலில் அறுவை செய்துகொண்ட லாரி ஓட்டுநர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக் மிதிக்கிற கால் சார். வேற எத வேணா எடுத்துக்கச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

மறுநாள் அந்தக் காலைத் தொடையோடு எடுத்தார்கள். அதற்கான பொதியும் என் பிரிவிலிருந்துதான் போனது. அன்று ஆறே முக்காலுக்கு அதற்கும் இஸ்திரி போட்டேன். கோடுகள் நன்றாகக் கறுத்திருந்தன. எட்டாம் நாள் அவர் இறந்தார். பதினொரு பேரில் அவரோடு சேர்த்து நான்கு பேர் இறந்தார்கள்.

ஐந்தாம் வாரக் கடைசியில் பொதித்துணி ஒன்றில், இஸ்திரிப்பெட்டியின் மூக்கு வடிவத்தில் கருகல் விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. தியேட்டர் நர்ஸ் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையைப் பார்த்தாள். துணியோடு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கவனமாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். நேற்று என் மனைவி லாக்கப்புக்கு என்னைப் பார்க்க வந்தாள். உங்களிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். ரப்பர், நிர்வாகி, முட்டை, நான் நம்பியது. முழுவதும் கேட்டாள். என் சட்டை கசங்கியிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எல்லாம் சரிங்க. அந்த அஞ்சு வாரத்துல, மூணாவது வாரம் என் தங்கச்சிக்குப் பித்தப்பைக் கல்லு எடுக்க உங்க ஆஸ்பத்திரியில தேதி குடுத்தாங்க. அங்க கூட்டம்னு சொல்லி, மூணு பஸ் மாத்தி வேற ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேத்தீங்களே, அது ஏங்க?"