மெல்க்கின் துப்பாக்கியைச் சரிசெய்த விதம்

மே மாதம் வந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த புல்வெட்டும் இயந்திரத்தை எல்லோரும் ஒரே வாரத்தில் ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கும் பட்டறை வாசலில் நிற்க இடமில்லை. நீங்கள் கிளாருஸிலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறீர்கள். அதனால் எதையும் விடாமல் வரிசையாகவே சொல்கிறேன்.

ஊர்ச் சுடுகழகத்தின் துப்பாக்கிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வேலைக்கு வேறு யாருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு மேட்டுப் பண்ணை மெல்க் கொண்டுவந்தது அவன் அப்பா பட்டாளத்துச் சேவை முடித்து வீட்டுக்கு எடுத்துவந்த பழைய துப்பாக்கி. அதில் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டைத் திருக வேண்டாம். நேராகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் போதும். நன்றாக இருந்தால் இரண்டு விரலுக்கே ஓடும்.

"என்னடா, உன் கிழவிக்கு மூட்டுவலியா?" என்று கேட்டேன்.

"கிழவியா இது, கழுதை. மார்ச்சிலேருந்து நகர மாட்டேங்குது. கால வெச்சு ஒதச்சாத்தான் திறக்குது. ஞாயித்துக்கிழமை ஊர்ப் போட்டி இருக்குல்ல, பாத்துக் குடுடா பால்ட்ஸ்."

சிரித்தான். ஆள் மிகவும் இளைத்திருந்தான். முதுகு உடைந்து மாடுகளை விற்றதிலிருந்து அவன் ஊர்ப் பக்கமே இறங்கவில்லை. சீஸ் பண்ணைவரை போய்விட்டு வருவதாகச் சொல்லி டிராக்டரில் ஏறினான்.

முதலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இழுத்துப் பார்த்தேன். பாதி வழியில் முனகி நின்றது. தோட்டா அறையில் அழுக்கு சேர்ந்தால் இப்படி ஆகும். விளக்கு வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கழகத் துப்பாக்கி ஒன்றின் போல்ட்டைக் கழற்றி இதில் போட்டேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆகவே நோய் துப்பாக்கியில் இல்லை, போல்ட்டில். அதைப் பிரித்துத் துணியில் பரப்பினேன். போல்ட்டின் தலையைச் சுழலவைக்கும் சுருள்பள்ளத்துக்குள் தேன்நிறத்தில் ஏதோ இறுகிப்போயிருந்தது. பழைய கிரீஸ் என்று நினைத்து நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

லார்ச் மரத்துப் பிசின்.

எங்கள் ஊரில் அந்தப் பிசினைக் காய்ச்சிக் களிம்பு செய்பவள் ரெகுலா, மெல்க்கின் மனைவி. ஒருமுறை என் கட்டைவிரலில் இரும்புச் சிம்பு ஏறியபோது அவளே தடவித் துணி சுற்றிவிட்டாள். அந்த வாசனை எனக்குத் தப்பாது. துணிகூட இன்னும் வைத்திருக்கிறேன். அது உங்களுக்குத் தேவைப்படாது.

எதற்காகப் பூசினாள் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மார்ச் மாதம், மாதாகோவிலிலிருந்து வெளியே வரும்போது, அவள் என்னை ஓரமாக அழைத்துச் சொல்லியிருந்தாள். மெல்க் வைக்கோல் கொட்டகையில் மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தானாம். தோட்டாக்களையெல்லாம் ஓடையில் கொட்டிவிட்டாளாம். "உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன். வேற யார்கிட்ட சொல்ல முடியும்?" என்றாள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

துப்பாக்கியையே ஒளித்தால் அவன் தேடுவான், கத்துவான், வேறு வாங்குவான். இறுகிப்போனால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவான். கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவனுக்காகச் செலவழித்தாள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பிரித்துவைத்தது அப்படியே கிடக்கும்போது அவளே வந்தாள். மேட்டிலிருந்து ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. துணியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"கண்டுபுடிச்சுட்டியா?"

"ம்."

"சரிபண்ண முடியலன்னு சொல்லிடு. பாகம் கிடைக்காதுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவான்." மேலங்கிப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இல்லன்னா இதையே சூடுபண்ணி மறுபடி ஊத்திடு. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட வரேன்னு ஒத்துக்கிட்டிருக்கான். அதுவரைக்கும், பால்ட்ஸ். அதுவரைக்கும் மட்டும்."

கீழே வளைவில் டிராக்டர் சத்தம் கேட்டது. அவள் என் கையைப் பிடித்தாள். மசகு படிந்த கை, அதையும் பார்க்காமல் பிடித்தாள்.

"பாத்துப்பேல்ல?"

"நீ பின்வழியாப் போ. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். ஸ்பிரிட்டில் நனைத்து, பள்ளம் பளிச்சென்று தெரியும்வரை துடைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினேன். அரைகுறை வேலை என் கையிலிருந்து போனதில்லை. மெல்க் வந்து கைப்பிடியை இழுத்தான். சத்தமே இல்லை.

"வெண்ணெய் மாதிரி ஓடுதுடா! என்ன கோளாறு?"

இங்கே ஒரு சின்னப் பொய் போதுமாக இருந்தது. எனக்குப் பொய் வராது.

"பிசின். தானா வந்ததில்ல, யாரோ காய்ச்சி ஊத்தியிருக்காங்க." துடைத்த துணியை நீட்டினேன். முகர்ந்தான்.

"என்னப் பாத்து அவளுக்கு அவ்வளவு பயமாடா?"

"அவ தூங்கறதே இல்ல, மெல்க். நீ வெளிய கிளம்பினாத்தான் அவளுக்கு மூச்சே வருது."

ரெகுலா அப்படிச் சொன்னாளா என்று கேட்கிறீர்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்த்தாலே தெரியும்.

கழகத்துத் தோட்டாவைச் சுடுமைதானத்துக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. தெரியும். ஒரு கைப்பிடி அள்ளி அவன் கோட்டுப் பையில் போட்டேன். "போட்டிக்கு முன்னாடி உன் கல்சுவத்துல சுட்டுப் பழகிக்கோ" என்றேன். அவன் எனக்கு நன்றி சொன்னான். தோளில் தட்டிவிட்டுக்கூடப் போனான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள் நாங்கள். ரெகுலா நடனத்துக்கு என்னோடு வந்து அவனோடு திரும்பிப் போனது பழைய கதை.

சாயங்காலம் மேலேயிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. சுட்டுப் பழகுகிறவன் ஒன்றோடு நிறுத்த மாட்டான். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். முகம் மழித்துக்கொண்டு, திருவிழாவுக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன். அவளுக்கு அந்த நேரத்தில் யாராவது வேண்டியிருக்குமே.

யாரும் வந்து சேர்ந்திருக்கவில்லை. கொட்டகை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தாள்.

"யாருக்கும் இன்னும் சொல்லலையே. உனக்கு யாரு சொன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் ஓடிப்போய் வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழ்போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் நிலையில் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். அவன் என்ன செய்வான் என்று தெரிந்து, செய்யட்டும் என்றே, அந்தப் போல்ட்டைச் சுத்தம் செய்தேன், அவனிடம் அப்படிப் பேசினேன், தோட்டாவும் கொடுத்தேன். அவளை அந்த வீட்டிலிருந்து விடுவிக்க வேறு யாரும் முன்வரவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ரெகுலாவே வந்து என்மேல் புகார் கொடுத்தாள் என்றீர்கள். அப்போது அவள் என் முழுப்பெயரைச் சொன்னாளா, இல்லை, வெறுமனே பால்ட்ஸ் என்றாளா?