பஸ் கிளம்புறதுக்கு முன்னால

— மாட்டேன் அண்ணி. செத்தாலும் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன்.

— சாகுறதப் பத்தி யாரு பேசுனா, ஜெனிஸ்டா? பஸ் கிளம்புறதுக்கு முன்னால கும்பிட்டு ஒரு சொரி சொல்லணும். அவ்வளவுதானே மொதலாளி கேக்குறாரு.

— அவ்வளவுதான். உங்களுக்கு எல்லாமே அவ்வளவுதான்.

— மெதுவா பேசு. இந்த ஸ்டோருக்குப் பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஷிஃபான் நிக்கிறான்.

— நிக்கட்டுமே, நல்லாக் கேக்கட்டும். அவனெல்லாம் ஒரு கைடு! அந்த வெள்ளைக்காரன் என்னமோ சொன்னான், வந்த கூட்டம் முழுக்க வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்குது. அவன் என்னா சொல்றான்னு ஷிஃபான்கிட்ட கேட்டேன். நிலத்தப் பார்க்குறான். நாள் பூரா அவங்க பாஷையில வாய் ஓயாம பேசுறவன், எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல.

— சொல்லாம விட்டது நல்லதுன்னு நினைச்சுக்க.

— சொல்லவும் தேவையில்ல. அவன் விரலே சொல்லிருச்சு. நான் பாட்டுக்கு வெனிலாத் தேத்தண்ணியத் தட்டுல ஏந்திக்கிட்டு நின்னேன். ஒரு வாய் குடிச்சான். குடிச்சத அப்படியே கோப்பைக்குள்ள துப்பி, என் தட்டுலயே வெச்சான். சரி, புடிக்கலையாக்கும்னு பேசாம இருந்தேன்.

— ம்.

— அப்புறம் என் கன்னத்துல விரல வெச்சுத் தேய்ச்சான் அண்ணி. தேய்ச்சிட்டு, அந்த விரலத் தூக்கி எல்லாருக்கும் காட்டுறான். கறுப்பு ஒட்டியிருக்கான்னு.

— நான் பார்த்தேன்.

— பார்த்தீங்களா?

— கறுவாப் பட்டை உரிச்சுக் காட்டுற எடத்துல நின்னேன். எல்லாத்தையும் பார்த்தேன்.

— பார்த்துட்டுத்தான் மன்னிப்புக் கேளுன்னு சொல்ல வந்திருக்கீங்க.

— நீ தட்டோட அவன் மடியில கவுத்துட்ட. சூடான தேத்தண்ணி. மொதலாளி அதத்தான் பார்த்தாரு. விரல் அவரு கண்ணுல படல.

— நான் சொன்னேனே! மொதலாளி, இவன் என் மூஞ்சில கை வெச்சான்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? அவங்க ஊர்ல அது செல்லம், புள்ள. செல்லமாம்! அவரு மூஞ்சில போய்த் தேய்க்கச் சொல்லுங்க அந்தச் செல்லத்த!

— ரவூப் மொதலாளி பயந்த மனுஷன். மாத்தளையில எத்தனை கார்டன் இருக்கு, மிளகும் சாதிக்காயும் காட்ட. இந்தக் கூட்டத்துல ஒருத்தன் போன்ல ரெண்டு வரி திட்டி எழுதினாப் போதும். அப்புறம் எந்த பஸ்ஸும் நம்ம கேட்டுக்குள்ள திரும்பாது. நேரா சீகிரியாவுக்குப் போயிடும்.

— போகட்டும்.

— போகட்டும். மொதல்ல உன்னத்தான் வீட்டுக்கு அனுப்புவாரு. அடுத்து உங்க அப்பா உன்னக் கொழும்புக்கு அனுப்புவாரு, பெரிய வீட்டுல பாத்திரம் கழுவ. எப்படா அனுப்பலாம்னுதானே அவரும் பார்த்துக்கிட்டு இருக்காரு. அங்கயும் மூஞ்சில கை வெக்க ஆளு இருக்கும். கவுக்கத்தான் பக்கத்துல தட்டு இருக்காது. என்ன, அழுறியா?

— இல்ல.

— அந்தா வாளியில தண்ணி இருக்கு. மூஞ்சக் கழுவு.

— கழுவிட்டேன். கன்னம் இன்னும் அப்படியேதான் இருக்கு. அந்த விரல் இன்னும் மேலயே இருக்கிற மாதிரி. இப்ப என்ன செய்றான் அவன்?

— ஓலைக் கொட்டிலுக்குள்ள, சாய்மனைக் கதிரையில கால நீட்டிக்கிட்டுக் கெடக்கான்.

— களிசான் நனைஞ்சதுக்கு ராஜ உபசாரம்!

— மொதலாளிதான் சொன்னாரு. மார்ஜரி, நீ போய் அந்த மனுஷனுக்குத் தலையில எண்ணெய் வெச்சு அமுக்கி விடு, கோவம் ஆறட்டும்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சரி மொதலாளின்னு சொன்னேன். போய் வெச்சேன்.

— அண்ணி!

— மெதுவா, மெதுவா. உச்சி, பிடரி, காதுக்குப் பின்னால, ஒரு எடம் விடல. கண்ண மூடிக்கிட்டுப் பூனை மாதிரி முனகுறான். அப்புறம் ஈரத் துவாய இறுக்கிச் சுத்தி, நான் வந்துதான் அவிழ்ப்பேன்னு கையால காட்டிட்டு வந்தேன். நல்ல பிள்ளையாட்டம் தலைய ஆட்டுனான்.

— சீ! என் மூஞ்சத் தேய்ச்சவன் தலைய நீங்க தடவி விட்டீங்களா? எப்படி அண்ணி மனசு வந்திச்சு? நான் உங்க நாத்தனார். ரபாயேல் அண்ணனுக்கு இது தெரிஞ்சா உங்கள வீட்டுக்குள்ள ஏத்துவாரா?

— உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா கத்தியத் தூக்கிக்கிட்டு வருவான். அப்புறம் நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பூசைக்குப் போகாம ஜெயிலுக்குச் சோத்துப் பார்சல் கொண்டு போகணும்.

— அதுவாச்சும் ரோசம். நீங்க எண்ணெய் வெக்கிறீங்க! எனக்கு இப்ப என்ன தோணுது தெரியுமா? அந்தா அந்தச் சாக்குல கெடக்கிற கொச்சிக்காத் தூள ஒரு கை அள்ளிக்கிட்டுப் போய் அவன் கண்ணுல…

— கொச்சிக்கா கொஞ்ச நேரம் எரியும். கழுவினாப் போயிடும்.

— போனா என்ன? எரிஞ்சா சரி.

— எனக்கு அது போதாது.

— உங்களுக்கா? உங்களுக்கு என்னா வந்திச்சு, போதாம இருக்க?

— ஒண்ணுமில்ல. சீப்ப எடு. தலையச் சீவு.

— மார்ஜரி! இந்தா மார்ஜரி! அந்தப் புள்ள வாறாவா, இல்லையா? டிரைவர் ஹோர்ன் அடிக்கிறான்!

— இந்தா வாறோம் மொதலாளி! தலை சீவிக்கிட்டு இருக்கா! கொஞ்சம் பொறுங்க!

— நான் வரலன்னு சொல்லுங்க.

— கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கேன்ல. பொறுத்துப் போனாத்தான் நல்லது. அவசரப்பட்டா எதுவும் சரியா வராது.

— நல்லாப் பொறுப்போம். பஸ் போயிரும்.

— பஸ் போகக் கூடாது. நீ அவன் முன்னுக்குப் போய் நிக்காம போகவே கூடாது.

— என்ன ஏன் இப்படிக் கொல்றீங்க? என்ன விட அவன் மேல உங்களுக்கு அவ்வளவு எரக்கமா? நீங்கதானே இந்த வேலைக்குக் கூட்டிட்டு வந்தீங்க. உக்குவளை ஸ்டேஷன்ல வெச்சு எங்க அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? என் கண்ணு முன்னாலதான் இருப்பா, ஒருத்தனும் ஒண்ணும் செய்ய விடமாட்டேன்னு.

— ஆமா, சொன்னேன்.

— இன்னிக்கு உங்க கண்ணு முன்னாலதானே செஞ்சான்?

— என் கண்ணு முன்னாலதான் செஞ்சான். கையக் குடு. எழும்பு.

— விடுங்க… இது என்னா அண்ணி, உங்க கையில இப்படி ஒரு நாத்தம்?

— சவுக்காரம் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன். போகல.

— கறுவா வாசம் அடிக்குது. அதுக்கு அடியில சுண்ணாம்பு மாதிரி ஒரு வீச்சம். இது தலை எண்ணெய் இல்லையே.

— கறுவாத் தைலம் கொஞ்சம் கூடக் கலந்தேன். மூக்குல ஏறாம இருக்க.

— இருங்க, இருங்க. இது எனக்குத் தெரியும். வாற கூட்டத்துல ஒருத்தன உக்கார வெச்சு, கால்ல தடவி, துவாயால துடைச்சா முடியெல்லாம் உதிரும். எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பார்ப்பாங்க. அந்தக் களிம்பு!

— மெதுவா பேசு.

— கால்ல ஒரு சாண்தானே தடவுவோம்!

— இன்னைக்கு ஒரு சாடி முடிஞ்சுது.

— சேசுவே! தலை முழுக்கவா?

— புருவத்துக்கும் கொஞ்சம்.

— அண்ணி… உங்களப் புடிச்சிருவாங்க. மொதலாளி உங்கள விடமாட்டாரு.

— எண்ணெய்ப் போத்தலும் களிம்புச் சாடியும் ஒரே தட்டுல இருந்திச்சு. லேபல் முழுக்க அவங்க எழுத்து. அவங்க பாஷை எனக்கு எங்க தெரியும்? பாவம் நான், மாறி எடுத்துட்டேன்.

— அப்ப நீங்க இவ்வளவு நேரம் என்கூட உக்காந்து பேசிக்கிட்டு இருந்தது…

— நல்லா ஊறணும்ல.

— ஐயோ அண்ணி. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது.

— நடுங்கட்டும். பயந்து போய் மன்னிப்புக் கேக்குறன்னு மொதலாளி நினைப்பாரு. வா, ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு அவன் முன்னுக்கு நில்லு. நான் துவாய அவிழ்க்கிறேன், அவன் முடி உன் காலடியில கொட்டட்டும்.