முன்பக்கம் மட்டும்

இரவு பன்னிரண்டே கால். ஏரவாடாவின் ஆற்றோரச் சாலை... நாய்கூட இல்லை. போலீஸ் ஜீப்பில் கேமராப் பையை அணைத்தபடி பாஸ்கர் உட்கார்ந்திருந்தார். வைஷுவின் பெரியப்பா. கல்யாண வீடியோ எடுப்பவர். கரண்ட் போன ஓர் இரவு, மாடிப்படியில் நண்பர்கள் நாங்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தபோது வைஷுதான் இதைச் சொன்னாள்.

லாக்கப்பில் ஒருவன் இறந்திருந்தான். காவலில் இறந்தால் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுத்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு அகப்பட்டவர் அவர்தான்.

பிணவறை வாசலில் இறந்தவனின் மனைவி பானு. இவர் தமிழ் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஹார்ட் அட்டாக்னு இப்பவே பேசிக்கறாங்க. அடிச்சே கொன்னுட்டாங்கண்ணா. நீங்க எடுக்கறது மட்டுந்தான் எனக்கு சாட்சி."

உள்ளே ஃபினாயில்... அதற்கடியில் துருப்பிடித்த இரும்பு வாடை. இன்ஸ்பெக்டர் இந்தியில் சொன்னார், "முன்பக்கம் மட்டும்."

முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. பாஸ்கர் ஃபோகஸைத் திருகினார். இருபது வருஷப் பழக்கம்... வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மாப்ள, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

சறக்... தகர மேசையில் ஈரத்தோல் உரசியது.

பிணம் புரண்டு படுத்தது.

"உங்க பெரியப்பாவுக்குப் பிணங்கூட போஸ் குடுக்குமாடி?" என்று மாடிப்படியில் என் பக்கத்திலிருந்த சபரி வைஷுவிடம் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

முதுகில் தோலே இல்லை. பெல்ட் கொக்கி விழுந்த இடமெல்லாம் சதை பிளந்திருந்தது. உள்ளங்கால்கள் கத்தரிக்காய் நிறத்தில் உப்பியிருந்தன.

இன்ஸ்பெக்டர் பாஸ்கரின் தலையைச் சுவரில் மோதினார். இரண்டு முறை. "டிலீட் கர்!"

பாஸ்கர் எடுத்ததை அழித்தார். வெளியே வந்து, பானுவின் முகத்தைப் பார்க்காமல், "உடம்புல ஒண்ணுமில்லம்மா" என்றார்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது முதல் அடி விழுந்தது. பளார்... அறையில் பெரியம்மாவைத் தவிர யாருமில்லை. பளார்... அவர் சுருண்டு விழுந்தார். முதுகு கோடு கோடாகப் பிளந்தது.

"சொல்லிடறேன்... பாத்ததைச் சொல்லிடறேன்..." என்று கதறினார். விடியும்வரை அடி நிற்கவில்லை.

காலையில் டாக்டர் வந்தார். அவரைக் குப்புறப் போட்டு, டார்ச் அடித்து, நிதானமாகப் பார்த்தார். உடம்பில் எந்தக் காயமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

பெரியம்மா அப்போது இரண்டாவது வாளி ரத்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.